குஞ்சுப் புறூடர்: வன்னி வெக்கைக்கும் வாடைக்கும் எது தாங்கும்?

ஒரு நாள் வயதுக் குஞ்சு வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நூறு குஞ்சுக்கு எத்தினை வாட்ஸ் பல்ப் போடவேணும்?" என்றுதான். கேள்வி பிழையில்லை. ஆனால் வன்னியில், தாய்க்கோழிக்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புறூடர் வாங்க முன்னர் கேட்கவேண்டிய முதற் கேள்வி வேறு: சூடு கூடினால் குஞ்சு விலகி நிற்க இதற்குள் இடம் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே கடையில் கிடைக்கும் ஒவ்வொன்றையும் இங்கே எடை போடுகிறோம்.

பொரித்து வந்த குஞ்சின் பூமயிர் சூட்டைப் பிடித்து வைக்காது. ஏறத்தாழ இரண்டு கிழமை வரை தன் உடற்சூட்டைத் தானே காக்கவும் அதனால் முடியாது. ஆகவே முதற் கிழமை 33 தொடக்கம் 35 பாகை செல்சியஸ், பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைத்து, இறகு மூடிவரும் நாலாம் கிழமையில் 24, 25 பாகை. இந்தக் கணக்கு எங்கும் ஒன்றுதான். வெளியில் நிற்கும் வெக்கைதான் இடத்துக்கு இடம் வேறு. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வன்னியில் பகலில் நிழலிலேயே 34, 35 பாகை ஏறும், தகரக் கூரையின் கீழ் இன்னும் கூடும். அந்த நேரத்தில் இரண்டாம் கிழமைக் குஞ்சுக்குப் பகலில் எந்தச் சூடும் கொடுக்கத் தேவையில்லை. மார்கழி, தையில் கதை மாறும். விடியப்புறம் 22 பாகை வரை இறங்கும், மாரி ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்தால் குஞ்சுக்கு அது பெருங்கூதல். ஒரே கருவி இரண்டையும் சமாளிக்க வேண்டும்.

இப்போது அதிகம் விலைப்படுவது பலகைப் பெட்டிப் புறூடர். நாலடி நீளம், இரண்டடி அகலம், ப்ளைவுட் சுவர், கம்பிவலை அடித்தட்டு, மூடியில் இரண்டு அல்லது நாலு மின்குமிழ். "நூறு குஞ்சுப் பெட்டி" என்று சொல்லி விற்பார்கள். கணக்குப் பார்த்தால் அது எட்டுச் சதுர அடி, அதாவது 0.74 சதுர மீற்றர். முதற் கிழமையில் ஒரு சதுர மீற்றருக்கு 40 குஞ்சு என்று தாராளமாக வைத்தாலும் முப்பதைத் தாண்டக் கூடாது. மூன்றாம் கிழமையில் குஞ்சுக்கு அரைச் சதுர அடி தேவை, அப்போது 16தான் கொள்ளும். நூறு குஞ்சை அடைத்தால் மூன்றாம் நாளே அடித்தட்டு நனைந்து, எச்சத்தின் அமோனியா மணம் கண்ணை எரிக்கும். மனிதர் மூக்குக்கு மணந்தால், தரையோடு நிற்கும் குஞ்சின் கண்ணுக்கும் சுவாசப்பைக்கும் அது எப்போதோ கேடு செய்யத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இடநெருக்கடியைவிடப் பெரிய குறை குமிழ் இருக்கும் இடம். மூடியின் நடுவிலோ நீளம் முழுவதுமோ குமிழ் பூட்டியிருந்தால் பெட்டி முழுவதும் ஒரே சூடு, குஞ்சு ஓடித் தப்ப இடமில்லை. பகல் இரண்டு மணிக்கு மூடியை மூடி, குமிழையும் எரியவிட்டால் உள்ளே 40 பாகை தாண்டும். குஞ்சு வாயைத் திறந்து இளைக்கும், செட்டையைத் தொங்கவிடும், தண்ணீரைக் குடித்தபடி தீனைத் தொடாது, பின்னேரத்துக்குள் சாகும். காலையில் கூதலில் செத்தது என்று நினைப்பவற்றிலும் பல முதல்நாள் பகல் வெக்கையில் வாடியவையே.

இருந்தாலும் இந்தப் பெட்டியைத் தள்ளிவிடச் சொல்லமாட்டோம். இருபத்தைந்து, முப்பது ஊர்க்கோழிக் குஞ்சுக்கு அது போதும், பாம்பு, கீரி, பெருச்சாளியிலிருந்து காப்பாற்றவும் செய்யும். வாங்கும்போதே தச்சரிடம் நாலு திருத்தம் கேளுங்கள். குமிழ் எல்லாம் ஒரு கரையோடு மட்டும் இருக்கவேண்டும். மற்றக் கரையில் மூடியின் பாதி கம்பிவலையாக இருக்கட்டும், இரவில் சாக்கால் மூடலாம். வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகக்கூடாது. ஒரு அங்குல வலையால் எலி நுழையும், சின்னப் பாம்பும் நுழையும். மூலைகளை வளைந்த மட்டையால் மறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூதலில் குஞ்சுகள் மூலைக்குள் ஏறி ஒன்றையொன்று நசுக்கி மூச்சடைத்துச் சாகும். அடித்தட்டு வலையில் முதற் கிழமை குஞ்சை நேரே விடவேண்டாம், கால் சிக்கும். மேலே காட்போட் மட்டை, அதற்கு மேல் உமி. வழுக்கும் பத்திரிகைத் தாளும் ஆகாது, கால் இரு பக்கமும் விரிந்து போனால் திரும்பிச் சேர்வது கடினம்.

அடுத்தது தனியாக விற்கும் சிவப்பு இன்ஃப்ரா ரெட் குமிழ், 250 வாட். பண்ணைக்காரர் பலர் இதைத்தான் தொங்கவிடுகிறார்கள். நல்ல குணம் இரண்டு. கதிர்ச்சூடு நேரே குஞ்சின் முதுகில் விழும், காற்றைச் சூடாக்கி வீணாகாது. சிவப்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். வெப்பமண்டலத்துக்குக் குஞ்சுக்கு ஒன்று தொடக்கம் இரண்டு வாட் என்ற கணக்கில், மாரியில் ஒரு குமிழ் நூறு குஞ்சைத் தாங்கும். தரையிலிருந்து 45 தொடக்கம் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் உயர்த்திக்கொண்டு போகலாம்.

சிக்கல் அதைப் பூட்டும் இடத்தில் வரும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது குமிழைச் செருகித் திருப்பும் 'பின்' ஹோல்டர், இந்தக் குமிழோ திருகு அடி. இடையில் ஒரு பிளாஸ்ரிக் அடாப்டரைச் செருகித் தொங்கவிட்டால் 250 வாட் சூட்டில் அது உருகும், குமிழ் உமியில் விழும். காய்ந்த உமி பற்ற அதிக நேரம் எடுக்காது. ஆகவே வெள்ளைப் பீங்கான் திருகு ஹோல்டர் கட்டாயம் வேண்டும். தொங்கவிடுவது இரும்புச் சங்கிலியில், வயரில் ஒருபோதும் வேண்டாம். சங்கிலி அறுந்தாலும் விழாதபடி வேறொரு கொக்கியில் இரண்டாவது கட்டும் போடுங்கள். தண்ணீர் தெறித்தால் மெல்லிய கண்ணாடிக் குமிழ் வெடிக்கும், எனவே தண்ணீர்ப் பாத்திரம் குமிழுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. "உடையாத குமிழ்" என்று டெஃப்லோன் பூச்சோடு வரும் வகையைக் கோழிக்கு வாங்கவே வேண்டாம். சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொல்லும்.

செலவும் பார்க்கவேண்டும். 250 வாட் இருபத்துநாலு மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு 6 அலகு, கிழமைக்கு 42. வீட்டு மின்மானியில் மாதம் 60 அலகைத் தாண்டும்போது கட்டணப் படி மாறுகிறது. ஒரு கூட்டம் குஞ்சு வளர்த்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பகலில் தேவையில்லாமல் எரியவிடுவதுதான் இங்கே பெரிய வீண்செலவு, குஞ்சுக்கும் அது கேடு. அணைப்பதற்கு ஆள் வேண்டும், அல்லது சூட்டை அளந்து தானே அணைத்துப் போடும் கொன்ட்ரோலர் வேண்டும்.

அதனால்தான் எங்கள் முதல் தெரிவு செரமிக் ஹீற்றரும் வெப்பக் கொன்ட்ரோலரும் சேர்ந்த ஏற்பாடு. செரமிக் ஹீற்றர் என்பது குமிழ் வடிவப் பீங்கான். வெளிச்சம் இல்லை, சூடு மட்டும். பல்லி, ஆமை வளர்ப்பவர்களுக்காக வரும் பொருள் என்பதால் செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் தேடவேண்டும். நூறு குஞ்சுக்கு 250 வாட் ஒன்றைவிட 150 வாட் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானால் மற்றது விடியும் வரை தாங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு வாங்கலாம்.

கொன்ட்ரோலரில் 230 வோல்ட்டில் நேரே வேலை செய்யும் எஸ்.ரி.சி-1000 வகை பொருத்தம். 12 வோல்ட் டபிள்யூ 1209 மலிவு, ஆனால் தனி மின்வழங்கி வேண்டும், திறந்த பலகை என்பதால் கோழிக்கொட்டில் தூசும் ஈரமும் கெதியாகக் கெடுக்கும். முதற் கிழமைக்கு 33 பாகை, ஹீற்றர் திரும்ப எரியத் தொடங்கும் வித்தியாசம் 1 பாகை என்று வையுங்கள். சூட்டை அளக்கும் உணரியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே, ஹீற்றரின் சூட்டு வட்டத்தின் ஓரத்தில் கட்டவேண்டும். நேர் கீழே வைத்தால் கொன்ட்ரோலர் முந்தி அணைத்துவிடும், குஞ்சு கூதலில் நிற்கும். உணரி அந்தச் சூட்டு வட்டத்துக்கு வெளியே இழுபட்டால் இதற்கு எதிர்மாறு: வெளிக் கூதலைப் படித்துக்கொண்டு ஹீற்றர் விடாமல் எரியும். கொன்ட்ரோலருக்குள் மின்னை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் அதே கதி. எனவே கொன்ட்ரோலர் இருக்கிறது என்ற துணிவில் குஞ்சை அடைக்கும் தகர வட்டத்தைச் சுருக்கிவிடக் கூடாது. தனியாக ஒரு வெப்பமானியும் உள்ளே இருக்கட்டும்.

பூட்டுவது இப்படி. பழைய அலுமினியச் சட்டியின் நடுவில் துளையிட்டுப் பீங்கான் ஹோல்டரை முறுக்குங்கள், சட்டி சூட்டைக் கீழே திருப்பும். மூன்று நரம்பு வயர் எடுத்து, எர்த்தைச் சட்டியில் பூட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத கொட்டிலில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். செரமிக் மேற்பரப்பு 200 பாகைக்கு மேல் போகும், கை பட்டால் கருகும், எனவே சட்டியின் வாயில் வலை ஒன்று வையுங்கள். வெளிச்சம் இல்லாத குறையைத் தீர்க்க முதல் இரண்டு மூன்று நாள் ஒரு 5 வாட் எல்.இ.டி. குமிழ் போதும், குஞ்சு தீனையும் தண்ணீரையும் கண்டுபிடிக்கத்தான் அது. எல்.இ.டி. குமிழைச் சூட்டுக்கு நம்பிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் குஞ்சுக்குப் பயன்படும் சூடு வராது.

குஞ்சை அடைக்கும் வட்டத்துக்கு 18 அங்குல உயரத் தகரத் தகடு அல்லது காட்போட். இரண்டு மீற்றர் விட்டத்துக்கு 21 அடி நீளம் வேண்டும், நூறு குஞ்சுக்கு அது சரி. மாரியில் முதல் மூன்று நாள் ஒன்றரை மீற்றராகச் சுருக்கி, பிறகு விரிக்கலாம். ஹீற்றர்களை வட்டத்தின் நடுவில் தொங்கவிட்டு, ஓரத்தில் 27, 28 பாகை நிற்கும்படி விட்டால் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிவு செய்யும். தாய்க்கோழியின் கீழும் நடப்பது இதுதான். செட்டைக்குள் புகும், சூடேறினதும் வெளியே வரும். வட்டத்தில் மூலை இல்லாததால் நசுங்கலும் இல்லை. கீழே இரண்டு அங்குல உமி. அரிசி ஆலை இல்லாத ஊர் வன்னியில் குறைவு, உமிக்குப் பஞ்சமில்லை. மரத்தூள் வேண்டாம், முதல் நாட்களில் குஞ்சு அதைத் தீன் என்று தின்று இரைப்பை அடைபடும்.

வாங்க முன்னர் உங்கள் வளவின் மின்னழுத்தத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். மின்மாற்றியிலிருந்து தூரமாக இருக்கும் வீதிக் கடைசி வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு 200 வோல்ட்டுக்கு இறங்குவது உண்டு. ஹீற்றரின் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். 230இல் 150 வாட் தரும் ஹீற்றர் 200இல் 115 வாட்டுக்குக் கிட்டத்தான் தரும். கூதல் கூடும் நேரத்திலேயே நாலில் ஒரு பங்கு சூடு இல்லாமற் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஹீற்றர் கூடுதலாகப் போட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் கொன்ட்ரோலரிடம் விடுங்கள்.

சூட்டுத் தட்டு என்று ஒன்றும் வருகிறது. நாலு காலில் நிற்கும் தட்டு, குஞ்சு அதன் கீழே புகுந்து முதுகைத் தட்டோடு ஒட்டி நிற்கும். மின்செலவு மிகக் குறைவு, தீப்பற்றும் பயமும் குறைவு, காலை உயர்த்தினால் வளரும் குஞ்சுக்கும் பொருந்தும். வன்னிக் காலநிலைக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் இருபது முப்பது குஞ்சுக்கு மட்டும்தான், பழுதானால் இங்கே திருத்த ஆள் கிடைப்பது கடினம்.

சிரட்டைக்கரிப் பானையையும் அரிக்கன் லாம்பையும் பழையது என்று ஒதுக்க முடியாது. 2022இல் நாட்டில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்சாரம் நின்றது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. மின்வழி ஒன்றை மட்டும் நம்பி நூறு குஞ்சை எடுப்பது துணிச்சல் இல்லை, கவலையீனம். பானையின் தோளில் விரல் பருமனில் ஆறேழு துளை இட்டு, நன்றாகக் கனன்று புகை அடங்கிய கரியை மட்டும் உள்ளே போடுங்கள். பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வலை நிற்கவேண்டும், பானைக்குக் கீழே உமி இருக்கக் கூடாது, மணல் பரப்புங்கள். புகை அடங்கிய கரியிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு வரும். தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கி மூடிய கொட்டிலில் குஞ்சும் சாகும், அருகே படுக்கும் ஆளும் சாவார். காற்று வரும் பக்கத்தைக் குஞ்சின் உயரத்துக்கு மட்டும் மூடி, மேலே திறந்துவிடுங்கள். அரிக்கன் லாம்பு பத்துப் பதினைந்து குஞ்சுக்கு மேல் தாங்காது.

கரி மூட்ட வசதி இல்லாதபோது, முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் ரிஜிபோம் பெட்டி நல்ல கைகொடுப்பு. மூடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, உள்ளே மட்டையை ஒட்டி (குஞ்சு ரிஜிபோமைக் கொத்தித் தின்னும்), சுடுதண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தலைச் சீலையில் சுற்றி நடுவில் வைத்தால் இருபத்தைந்து குஞ்சு ஒரு இரவைக் கடக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டும். சோலார் பற்றரியில் ஹீற்றர் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்: 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் கெடுக்காமல் எடுக்கக்கூடியது அரைவாசி, ஏறத்தாழ 600 வாட் மணி. 150 வாட் ஹீற்றர் ஒன்று அதை நாலு மணித்தியாலத்தில் குடித்துவிடும்.

எதை வாங்கினாலும் குஞ்சு வர முன்னர் ஓட்டிப் பாருங்கள். கோடையில் ஐந்தாறு மணித்தியாலம், மாரியில் ஒரு முழுநாள். சீமெந்துத் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். காற்று 33 காட்டும்போதே உமியின் அடி குளிர்ந்திருக்கும். குஞ்சு வந்து இறங்கியதும் அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் தரை இன்னும் சூடாகவில்லை. பயணத்தில் கூதல் பிடித்த குஞ்சுக்கும் வெந்த குஞ்சுக்கும் மறுநாள் பின்துவாரத்தில் எச்சம் ஒட்டிக் காயும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுக்கவேண்டும், இழுத்தால் தோல் கிழியும்.

புறூடர் சரியா என்பதை வெப்பமானிக்கு முந்திக் குஞ்சே சொல்லும். சூட்டின் கீழ் குவிந்து கீச்சிட்டால் கூதல். ஓரத்தில் தகரத்தோடு ஒட்டி இளைத்தால் வெக்கை. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்தால் காற்று அடிக்கிறது, அந்தப் பக்கம் சாக்கு கட்டுங்கள். வட்டம் முழுவதும் பரவி, தின்று, குடித்து, ஆங்காங்கே படுத்துக் கிடந்தால் தொடாமல் விடுங்கள். இன்னொரு சோதனை கழுத்தடியில் இருக்கும் இரைப்பையில். குஞ்சு வந்து எட்டு மணித்தியாலத்தில் பத்தை எடுத்துத் தொட்டால் எட்டுக்காவது இரைப்பை மென்மையாக நிரம்பியிருக்கவேண்டும், மறுநாள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். அப்படி இல்லாவிட்டால் பெரும்பாலும் சூட்டில்தான் பிழை, தீனைச் சந்தேகிக்க முன்னர் ஹீற்றர் உயரத்தைப் பாருங்கள்.

எறும்புக்கு ஒரு வார்த்தை. கால் வைத்த பெட்டி என்றால் ஒவ்வொரு காலையும் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்ட சிரட்டையில் நிறுத்துங்கள். தரை வட்டம் என்றால் தகரத்தின் வெளிப்புறம் சாம்பல் போட்டு, தினமும் புதுப்பியுங்கள்.

முப்பது குஞ்சுக்குள் என்றால் திருத்திய பெட்டி அல்லது சூட்டுத் தட்டு. ஐம்பதுக்கு மேல் என்றால் தகர வட்டமும், இரண்டு செரமிக் ஹீற்றரும், கொன்ட்ரோலரும். அதற்குக் காசு போதாவிட்டால் பீங்கான் ஹோல்டரில் சிவப்புக் குமிழ், பகலில் அணைக்க ஓர் ஆள். எதோடும் ஒரு கரிப்பானை தயாராக இருக்கவேண்டும். கோடைக் கூட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாளோடு பகற்சூட்டையும், மூன்று கிழமையோடு இரவுச் சூட்டையும் நிறுத்தலாம். மாரிக் கூட்டத்துக்கு நாலு கிழமை. ஒரேயடியாக அணைக்காமல், கடைசி மூன்று நாள் இரவில் மட்டும் போட்டு விடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னர் உமியை முழுவதும் அள்ளித் தோட்டத்தில் போட்டு, தகரத்தைக் கழுவி, ஒரு கிழமை வெயிலில் காயவிடுங்கள்.